எஃகு போருக்குப் போனபோது

தண்டவாளங்களின் காலம் – 27

1943 கிறிஸ்துமஸ் நேரம். அமெரிக்கக் கடைகளில் ஒரு டாலருக்கு ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. மேலே லயனல் என்று அச்சடித்திருந்தார்கள். ரயில் பொம்மை என்றால் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு லயனல்தான். ஜோஷுவா லயனல் கோவன் 1900-ல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி அது. மின்சாரத்தில் ஓடும், விளக்கெரியும், கையில் எடுத்தால் கனக்கும் ரயில்களைச் செய்து பேர் வாங்கியது.

இந்தப் பெட்டியைத் திறந்த பிள்ளைக்குக் கிடைத்ததெல்லாம் அட்டை. 250-க்கும் மேற்பட்ட துண்டுகள். மடித்து, நாக்கைச் செருகி, ஒவ்வொன்றாகக் கோத்தால் ஓர் எஞ்சின் வரும். அதன் பின்னால் கரி வண்டி, ஒரு மூடிய வேகன், கடைசியில் ஒரு கபூஸ். தண்டவாளமும் அட்டையே. கோப்பதற்குள் பெரியவர்களுக்கே கை சோர்ந்துவிடும் என்று அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. எனக்கு அது மனதுக்கு நெருக்கமான பொருள். போர்க்காலத்து அமெரிக்க ரயில்வேயின் நிலைமை முழுக்க அந்த ஒரு டாலர் பெட்டிக்குள் மடிந்து கிடக்கிறது.

1942 ஜூனோடு உலோகத்தில் பொம்மை செய்வது நிறுத்தப்பட்டது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு எஃகு, எவ்வளவு செம்பு என்று பங்கு பிரித்த போர் உற்பத்தி வாரியத்தின் உத்தரவு அது. லயனல் தொழிற்சாலை கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்யப் போய்விட்டது. பொம்மை ரயிலுக்கு அட்டை மிஞ்சியது. நிஜ ரயிலுக்கு என்ன மிஞ்சியது என்பதுதான் இந்த வாரக் கதை.

கபூஸ் என்ற சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். நம் ஊர் கூட்ஸ் வண்டியின் வாலில் கார்டு வேன் இருக்குமே, அதற்கு அமெரிக்காவில் கபூஸ் என்று பெயர். நம் கார்டு வேனைவிடப் பெரியது. கணப்பு அடுப்பு, எழுத ஒரு மேசை, படுக்க ஒரு பலகை, கூரைக்கு மேலே வண்டி முழுவதையும் பார்க்க ஒரு கண்ணாடிக் கூண்டு எல்லாம் உண்டு. நாள் கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் ஆட்களுக்கு அதுவே ஆபீஸ், அதுவே வீடு.

போருக்கு முந்தைய பத்தாண்டில் அமெரிக்க ரயில்வே மரத்துக்கு ஏறக்குறைய விடை கொடுத்திருந்தது. சட்டமும் சுவரும் கூரையும் எஃகிலேயே ஆன மூடிய வேகனுக்கு 1937-ல் ஒரு பொது வரைபடமும் வந்தது. ரயில்வே கம்பெனிகளின் சங்கம் வகுத்தது. ரிவெட் அடித்த வழுவழுப்பான தகட்டுச் சுவர், மழை புகாது, கோதுமை சிந்தாது. இனி இதுதான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் நடந்தது. கப்பலுக்கும் டாங்கிக்கும் எஃகு வேண்டும். அதே கப்பலுக்கும் டாங்கிக்கும் வேண்டிய கரியையும் தாதையும் இழுத்துவர வேகனும் வேண்டும். வேகனுக்கும் எஃகுதானே!

வழி பழைய கோப்புகளிலேயே இருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு ரயில்வே முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்தது. 1917 டிசம்பர் கடைசியில் எடுத்து, 1920 மார்ச் 1-ல் திருப்பிக் கொடுத்தது. அந்த இடைக்காலத்தில் அரசு ஏறக்குறைய 1,00,000 வேகன்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றில் ஒரு பெரும்பகுதி வெளியே எஃகுச் சட்டமும் உள்ளே மரப் பலகையுமாக இருந்தது. 25 ஆண்டு கழித்து அந்த யோசனையே மறுபடி தூசி தட்டி எடுக்கப்பட்டது. போர்க்கால அவசர வேகன் என்று அதற்குப் பெயர். மூடிய வேகன், திறந்த வேகன், அடியில் கதவு வைத்துக் கரி கொட்டும் ஹாப்பர் வேகன் என்று மூன்றுக்கும் இப்படி எஃகும் மரமும் கலந்த வடிவங்கள் வந்தன.

இதன் சூட்சுமம் எளிது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவரைக் கயிறு ஏந்துகிறது, மொத்தப் பாரமும் கடைசியில் சட்டத்துக்கும் காலுக்கும் போகிறது. இந்த வேகனிலும் அப்படித்தான். பக்கச் சுவரில் செங்குத்தாக எஃகுத் தூண்கள், தூணுக்குத் தூண் சாய்வாக ஓர் எஃகுச் சட்டம். ரயில் பாலத்தின் பக்கவாட்டைப் பார்த்தால் முக்கோணம் முக்கோணமாகத் தெரியுமே, அதே கணக்கு. பாரத்தை அந்த முக்கோணங்கள் தாங்கிக்கொள்ளும். பலகைக்குச் சரக்கு சிந்தாமல் பிடித்திருப்பது மட்டுமே வேலை. முழுச் சுவரையும் தகடாகப் போர்த்தும் எஃகு இதில் மிச்சம். சாய்சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. சில வேகன்களில் நடுவை நோக்கி இறங்கும், சிலவற்றில் நடுவை நோக்கி ஏறும். பழகிய கண்ணுக்கு அந்தச் சாய்வே விலாசம் சொல்லிவிடும்.

குறையும் இருந்தது. மரம் உலர உலரச் சுருங்கும். சுருங்கினால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழும், போல்ட் தளரும், உள்ளிருக்கும் கரி அழுத்தி அழுத்திப் பலகை வெளியே புடைக்கும். போர் முடிந்து எஃகு கிடைக்க ஆரம்பித்ததும் பல கம்பெனிகள் பலகையைக் கழற்றிவிட்டு அதே சட்டத்துக்குள் தகட்டை வைத்து அடித்தன. வெளியே பாலத்து முக்கோணம், உள்ளே மொட்டைத் தகடு. ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியாதவருக்கு அந்த வேகன் ஒரு புதிர்.

ரயில் மாதிரி செய்பவர்களுக்கு இந்த வேகன்கள் மேல் அப்படி என்ன மோகம் என்று கேட்பவர்கள் உண்டு. பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரே வேகன் 1943-ல் புத்தம் புதுப் பெயின்டோடு நின்றது. 1945-ல் புடைத்த பலகையோடு நின்றது. சில ஆண்டு கழித்துத் தகட்டுச் சுவரோடு நின்றது. மாதிரி செய்ய உட்காருகிறவர் முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆண்டு பிசகினால் வேகனே பிசகு. வேகனின் பக்கத்தில் அச்சுத்தகடு வைத்துப் பூசிய சின்ன எழுத்துகள் இதற்குக் கை கொடுக்கும். வெற்று எடை, ஏற்றலாம் என்ற எடை, அதன் அருகில் வேகன் கட்டப்பட்ட மாதமும் ஆண்டும். பிறகு ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் பார்த்த இடமும் தேதியும் மாற்றி எழுதப்படும். ஒரு பழைய புகைப்படத்தில் அந்த நாலு எழுத்தைப் படிக்க முடிந்துவிட்டால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

சென்ற ஆண்டு நானே ஒன்று செய்தேன். 70 டன் ஏற்றும் திறந்த வேகன், எஃகு ஆலைகளுக்கு ஓடியது, நிஜத்தில் 52½ அடி நீளம். ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கில், 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட வரும். பலகைக்கு எதைப் போடுவது என்று பல நாள் அலைந்தேன். நிஜப் பலகை ஏறக்குறைய 1¾ அங்குல கனம் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் அரை மில்லிமீட்டர். தச்சர்கள் மேசைக்கு மேல் ஒட்டும் வெனீர் சரியாக அந்தக் கனம்தான்! ஆசாரி ஒருவரிடம் ஓரத்துண்டுகள் கேட்டு வாங்கிவந்து, இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டினேன். தூணுக்கும் சாய்சட்டத்துக்கும் பிளாஸ்டிக் அட்டை. போல்ட் தலைகளுக்கு ஊசி முனையால் அட்டையின் பின்பக்கமிருந்து குத்தினால் முன்பக்கம் மொட்டு மொட்டாக எழும்பும்.

முதல் சுவரை வீணாக்கினேன். கீற்றுகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டி, தேய்த்து மட்டம் செய்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது போரைப் பார்க்காத வேகன். பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை கீற்றுக்குக் கீற்று ஒரு மயிரிழை விட்டு, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் பலகை துளி வெளியே பிதுங்கும்படி ஈரத்தில் வளைத்து ஒட்டினேன். உட்புறத்துக்குப் பெயின்ட் கிடையாது. ஸ்பிரிட்டில் நாலு சொட்டுக் கறுப்பு மை கலந்து பூசினால், மழையும் வெயிலும் பட்ட மரத்தின் சாம்பல் நிறம் வந்து உட்காரும். காய்ந்தபின் அடியில் கொஞ்சம் துருப்பொடி. அன்று இரவு விளக்குக்குக் கீழே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 1945-ல் ஏதோ ஓர் ஆலை வாசலில் அது நின்றுகொண்டிருந்தது.

மரத்திலேயே இன்னொரு வழியும் முயன்று பார்த்தார்கள். கிரேட் நார்தர்ன் ரயில்வே மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் கிளவுட் என்ற ஊரில் இருந்த தன் பணிமனையில் பிளைவுட் சுவர் வைத்த மூடிய வேகன்களைக் கட்டியது. பெரிய பெரிய பிளைவுட் தகடுகள், மூட்டுகள் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால் எஃகு வேகன் போலவே தெரியும்.

இரும்புப் பஞ்சம் அமெரிக்காவுக்கு மட்டும் வந்ததல்ல. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் வந்த ரயிலைப் போர்க்காலத்தில் இழந்த கதை தேனிப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே தண்டவாளத்தையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1950-களில்தான் திரும்ப வந்தது. அவர்களிடம் மரத்தைப் போட்டு ஓட்டினார்கள், நம்மிடம் பாதையையே எடுத்துக்கொண்டார்கள். ஆளப்படும் நாட்டுக்கும் ஆளும் நாட்டுக்கும் உள்ள வேறுபாடு அது. போடிப் பாதையைப் பற்றித் தனி அத்தியாயமே எழுத வேண்டும், எழுதுவேன்.

அமெரிக்க ரயில்வே சுமந்த பாரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1940-ல் சுமந்ததைப் போல 1944-ல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, டன்னையும் மைலையும் பெருக்கிப் பார்த்த கணக்கில். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியதும் கிழக்குக் கரைக்கு வேண்டிய எண்ணெயும் ரயிலின் தலையில் விழுந்தது. டெக்சாஸிலிருந்து பெருங்குழாய் 1943-ல் போய்ச் சேரும்வரை டாங்கர் வேகன்கள் இரவு பகலாக ஓடின. ஒரு வேகனும் அரைகுறைச் சரக்கோடு போகக்கூடாது என்பதற்காகப் போர்ப் போக்குவரத்து அலுவலகத்தின் தலைவர் ஜோசப் ஈஸ்ட்மன் 1942-ல் உத்தரவு போட்டார். சில்லறைச் சரக்கு ஏற்றும் வேகனில் முதலில் 6 டன்னாவது இருக்க வேண்டும், பிறகு 8, பிறகு 10.

சரக்கோடு ஆட்களும் போக வேண்டியிருந்தது. பயிற்சி முகாமிலிருந்து துறைமுகத்துக்குச் சிப்பாய்களை இரவோடு இரவாகக் கொண்டுபோக, இருந்த படுக்கைப் பெட்டிகள் போதவில்லை. கீழ் பெர்த்தில் இருவர், மேலே ஒருவர் என்று படுக்க வைத்தார்கள். புதிதாகப் பயணிப் பெட்டி கட்ட எஃகுக்கும் நேரத்துக்கும் எங்கே போவது? புல்மன் ஸ்டாண்டர்டு கம்பெனி சரக்கு வேகனின் வரைபடத்தை எடுத்துக்கொண்டது. 50 அடி மூடிய வேகனின் உடம்பு, அதில் ஜன்னல்கள், நடுவில் பக்கவாட்டுக் கதவு, உள்ளே மூன்றடுக்குப் படுக்கை. 1943-ல் ஆரம்பித்து மொத்தம் 2,400 பெட்டிகள். கூடவே ஏ.சி.எஃப். கம்பெனி கட்டிய 440 சமையல் பெட்டிகள்.

நம் ஸ்லீப்பர் வகுப்பில் பயணம் செய்த எவருக்கும் அந்தப் பெட்டியின் உட்புறத்தை விளக்கவே வேண்டாம். சைடு பெர்த்துகளை எடுத்துவிட்டு நடைபாதையைச் சுவரோரம் தள்ளினால் அதுதான். குறுக்காக மூன்று மூன்று பெர்த், பத்து வரிசை. மொத்தம் 30 படுக்கை. அதில் 29 சிப்பாய்களுக்கு, ஒன்று புல்மன் போர்ட்டருக்கு. போர்ட்டர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். பெட்டி சரக்கு வேகனாக இருந்தாலும் புல்மன் வழக்கப்படி வெள்ளை விரிப்பு உண்டு, அதை விரித்துக் கொடுக்க அவர் உண்டு. சமையல் பெட்டியை வண்டியின் நடுவில் சேர்ப்பார்கள். கரி அடுப்பு எரியும். இரண்டு பக்கத்துப் பெட்டிகளிலிருந்தும் சிப்பாய்கள் வரிசையில் வந்து தட்டில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

சரக்கு வேகனில் ஆள் தூங்க வேண்டுமானால் சக்கரத்தொகுதி சரக்கு வேகனுடையதாக இருந்தால் முடியாது, எலும்பு எலும்பாகக் கழன்றுவிடும். அதற்காக வேகத்துக்கும் மென்மைக்கும் ஏற்றபடி ஸ்பிரிங் நிறைந்த ஒரு தனிப் போகியைப் போட்டார்கள். மாதிரி செய்பவர்கள் அந்தப் போகியின் பக்கவாட்டை வைத்தே பெட்டியை அடையாளம் காண்பார்கள். நினைத்த மென்மை ஓட்டத்தில் இருந்ததா என்பது வேறு கேள்வி. 1944 ஜூலை 6 இரவு டென்னசி மாநிலத்தில் ஜெலிக்கோ ஊரருகே இந்தப் பெட்டிகள் கொண்ட ஒரு சிப்பாய் ரயில் வளைவில் தடம் புரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போர்முனையைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகள். வளைவுக்கு மீறிய வேகமே காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்தப் போகிக்குப் பின்னாளில் கம்பெனிக்குக் கம்பெனி கைமாறி ஓடும் வேகன்களில் தடை வந்தது. இந்தப் பெட்டியை மாதிரியாகச் செய்கிறவர்கள் ஜெலிக்கோவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

போருக்குப் பிறகு இந்தப் பெட்டிகள் அடிமாட்டு விலைக்குப் போயின. பார்சல் பெட்டியாக, தண்டவாள வேலையாட்களின் தங்குமிடமாக, ரயில்வேயின் கிட்டங்கியாக மாறின.

கடைசியில் கபூசுக்கு வருவோம். பென்சில்வேனியா ரயில்வே 1942-ல் ஆல்டூனா பணிமனையில் 200 கபூஸ் கட்டியது. முழு எஃகு. கப்பலில் இருப்பதுபோல் வட்ட ஜன்னல், கூரைக் கூண்டின் விளிம்பெல்லாம் வளைத்து மழுக்கியது. பஞ்சம் இறுகுவதற்கு முன் தப்பித்துப் பிறந்த அழகு அது. போருக்குப் பிறகு லயனல் அதைப் பொம்மையாக்கி ஆயிரமாயிரம் வீடுகளுக்குள் ஓடவிட்டது.

அந்தக் கொடுப்பினை மற்றவர்களுக்கு இல்லை. வண்டிகள் பெருகின, ஒவ்வொரு வண்டிக்கும் வாலில் ஒரு கபூஸ் வேண்டும். பல கம்பெனிகள் யார்டின் மூலையில் கிடந்த பழைய மூடிய வேகன்களை இழுத்துவந்தன. பக்கவாட்டில் ஜன்னலுக்கு அறுத்து, அடுப்பு வைத்து, கூரையில் புகைக்குழாய் செருகி, பெஞ்சு போட்டு, கபூஸ் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். சிலதில் கூரைக் கூண்டும் இல்லை. ஆட்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டித்தான் வண்டியைப் பார்க்க வேண்டும்.

இவற்றின் உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் போவது ஜாக் டெலானோவிடம். அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்காக 1942 கடைசியிலும் 1943-லும் ரயில்வேயைப் படம் எடுத்தவர் அவர். சிகாகோவின் யார்டுகளில் பனியில் நின்றார். 1943 மார்ச்சில் சாண்டா ஃபே பாதையில் சரக்கு வண்டிகளோடு கலிஃபோர்னியா வரை போனார். அயோவா மாநிலத்தின் கிளின்டன் ஷெட்டில் தலையில் துணி கட்டி எஞ்சின் துடைத்த பெண்களை எடுத்தார். பல படங்கள் வண்ணப்படங்கள். கருப்பு வெள்ளையிலேயே அந்தக் காலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சிவப்பும் பழுப்பும் கண்ணில் அறையும். வேகனுக்கு என்ன நிறம் பூசுவது என்ற சண்டைகள் பல அவர் படங்களால் தீர்ந்திருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் எல்லாம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

அவர் எடுத்த கபூஸ் படங்களில் கண்டக்டர் மேசையில் குனிந்து தாள்களை நிரப்பிக்கொண்டிருப்பார். பக்கத்தில் லாந்தர், ஆணியில் தொங்கும் கோட்டு. எந்த வேகன் எங்கே கழற்றப்பட வேண்டும் என்ற கணக்கெல்லாம் அந்தச் சின்ன மேசையில்தான் நடந்தது.

இப்போது என் மேசையில் இருப்பது வேகனிலிருந்து மாற்றிய கபூஸ் ஒன்று. மேசை, பெஞ்சு, அடுப்பு, நெல்மணி அளவுக்கு ஒரு லாந்தர் எல்லாம் வைத்தாகிவிட்டது. கூரையை ஒட்டியதும் எதுவும் வெளியே தெரியாது, தெரியாவிட்டாலும் வைத்தேன். வெளிப்பக்கம் இன்னும் ஒரு வேலை பாக்கி. வேகனாக இருந்தபோது பெரிய கதவு சறுக்கி ஓடிய இடத்தைப் பலகை வைத்து அடைத்தார்கள். புதுப் பலகைக்கும் பழையதற்கும் பெயின்ட் ஒன்றுதான் என்றாலும், கோணமாக வெளிச்சம் விழுந்தால் கதவின் நாலு ஓரமும் மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். முதல் பூச்சில் அந்தக் கோடு மறைந்துவிட்டது. நாளை காலை வெயில் வந்ததும் ஊசியால் கீறித் திரும்ப எடுக்கப் போகிறேன்.

(தொடரும்)